வாடகை 14,000-னு மட்டும் போட்டா போதுமா?

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல முதல் குழந்தைக்கு என்னென்ன ரெடி பண்ணி வைக்கணும்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. தொட்டில், கொசுவலை, பேபி சோப்பு, ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு போற பைல என்ன வைக்கணும், எல்லாம் இருந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா வீடு பத்தி ஒரு வரி கூட இல்ல. எழுதினவங்களுக்கு சொந்த வீடு போல. எங்கள மாதிரி வாடகைல இருக்கறவங்களுக்கு நாள் தள்ளிப்போச்சுன்னு தெரிஞ்ச உடனே வர்ற முதல் பேச்சே "இந்த வீடு பத்துமா"ங்கறதுதான். நாங்க பட்டதை எழுதுறேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பாப்பா தூங்கற நேரமா பாத்து நாலு நாளா எழுதினது.

நாங்க நங்கநல்லூர்ல ரெண்டாவது மாடில சிங்கிள் பெட்ரூம்ல இருந்தோம். வாடகை 9,500, அட்வான்ஸ் 80,000. லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தா இருக்கும், சிலிண்டர் போடுற தம்பியே முதல் மாடில ஒரு தடவ இறக்கி வச்சு மூச்சு வாங்கிட்டுதான் மேல வருவாரு. 2024 மே மாசம் கன்ஃபார்ம் ஆச்சு, ஜனவரில தேதி குடுத்தாங்க. அன்னிக்கு ராத்திரியே எங்க வீட்டுக்காரர் (என் புருஷன சொல்றேன், இந்த லெட்டர்ல வீட்டு ஓனருங்க நெறைய வருவாங்க, குழம்பிக்காதீங்க) போன்ல வீடு தேட ஆரம்பிச்சிட்டார்.

ஊர்ல எல்லாரும் சொல்ற கணக்கு, வருமானத்துல மூணுல ஒரு பங்கு வாடகைக்கு போலாம். அவருக்கு கைக்கு வர்றது 43,000, எனக்கு 24,000, சேர்த்தா 67,000, மூணுல ஒண்ணுன்னா 22,000 சொச்சம். அப்புறம் என்ன, 20,000 ரூபாய்க்கு டபுள் பெட்ரூம், லிஃப்ட், கார் பார்க்கிங்னு பாக்க ஆரம்பிச்சோம். எங்ககிட்ட கார் கிடையாது, இருந்தாலும் பார்க்கிங் இருக்கான்னு கேட்டோம், அப்படி ஒரு மிதப்பு.

எங்கப்பா கும்பகோணத்துல ஒரு ஜவுளிக்கடைல முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். நான் போன்ல பெருமையா சொல்லிட்டு இருக்கேன், அவர் எல்லாத்தையும் கேட்டுட்டு "சரிம்மா, மார்ச் மாச வாடகை யாரு குடுப்பா"ன்னார். எனக்கு ஒண்ணும் புரியல. "ஜனவரில பிரசவம், மார்ச்ல நீ இங்க இருப்ப, உனக்கு சம்பளம் வராது, அந்த மாச வாடகைய எதுலேர்ந்து எடுத்து குடுப்பீங்க"ன்னு கேட்டார். அப்பதான் உறைச்சுது. 26 வாரம் சம்பளத்தோட லீவுன்னு 2017-ல சட்டத்த மாத்தினாங்க இல்லையா, அது எல்லாருக்கும்தான்னு நானும் நினைச்சுட்டு இருந்தேன், விசாரிச்சா பத்து பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்கற இடத்துக்குத்தான் அது பொருந்துமாம். நான் வேலை பாக்கற ஆடிட்டர் ஆபீஸ்ல சார், நான், டீ வாங்கிட்டு வர்ற அண்ணன் எல்லாரையும் சேர்த்தாலும் ஏழு பேர். சார் தங்கமானவர், "வேலைய வச்சிருக்கேன், எப்ப முடியுமோ வாம்மா"ன்னார், சம்பளத்த பத்தி வாயே திறக்கல, நானும் கேக்கல.

அப்பா ஒரு பழைய காலண்டர் தாள் பின்னாடி எழுத சொன்னார். மாசம் மாசமா மூணே மூணு விஷயம், அந்த மாசம் வீட்ல யார் இருப்பாங்க, யார் சம்பளம் வரும், வழக்கமா இல்லாத செலவு என்ன வரும். செப்டம்பர்லேர்ந்து அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் எழுதினேன். டிசம்பர் பாதியோட என் சம்பளம்ங்கற கட்டம் காலியாயிடுச்சு, அதுக்கப்புறம் தாள் முடியற வரைக்கும் காலிதான். அப்ப கணக்கு 67,000-ல இல்ல, 43,000-ல போடணும். வண்டி இஎம்ஐ 3,900, மாமனார் மாமியாருக்கு அனுப்புறது 5,000, மளிகை பால் காய்கறி 10,000, பெட்ரோல் 3,000, போன் நெட்டு 1,300, சீட்டு 5,000. கழிச்சா மிச்சம் 14,800. இதுல டாக்டர் இல்ல, மருந்து இல்ல, ஸ்கேன் இல்ல, டையபர் இல்ல. 22,000-ன்னு ஆரம்பிச்ச ஆட்டம் இப்படி 14,800-ல வந்து நின்னுச்சு. சீட்ட நிறுத்தலாமான்னு கேட்டேன், அப்பா "நிறுத்தாத, ஏப்ரல்ல எடுத்துக்கோ, அப்பதான் கை காயும்"னார். அது அப்படியே நடந்துச்சு.

சரி, வீடு பாக்க கிளம்பினா மாசம் குறுக்க வருது. ஆடில வீடு மாறக்கூடாது, புரட்டாசில கூடாது, மார்கழில பேச்சே எடுக்கக்கூடாது. அதுபோக மாசமா இருக்கறப்ப வீடு மாத்தினா ஆகாதுன்னு எங்க மாமியார் ஒரு பக்கம், ஏழு பொறந்துட்டா அடுப்பு இடம் மாறக்கூடாதாம். எனக்கு இதுல நம்பிக்கை இருக்கா இல்லையான்னா, பாதி பாதி. ஆனா பணக்கணக்கா பாத்தா இதுல ஒரு விஷயம் இருக்கு, எல்லாரும் ஆவணிக்காக காத்திருக்கறதால ஆவணில டு-லெட் போர்டு தொங்கற வீட்டுக்கெல்லாம் நாலு பேர் வரிசைல நிக்கறாங்க, ஓனர் சொல்றதுதான் ரேட்டு. ஆடில பாத்து, ஆடிலயே பேசி ஒரு டோக்கன் அட்வான்ஸ் குடுத்து வச்சிட்டு, ஆவணி முதல் வாரத்துல பால் காய்ச்சினா ஆயிரம் ரெண்டாயிரம் குறைச்சு பேசலாம். நாங்க அப்படித்தான் பண்ணோம், 16,000 சொன்ன வீடு 14,000-க்கு வந்துச்சு.

அதுக்கு முன்னாடி பாத்த வீடுங்க கதை தனி. புரோக்கர் முதல் நாளே என்கிட்ட "துப்பட்டாவ கொஞ்சம் லூசா போட்டுக்கோங்கக்கா, மாசமா இருக்கறத நீங்களா சொல்லாதீங்க"ன்னார். எனக்கு கோவம் வந்துச்சு. ரெண்டு வீடு பாத்ததும் அவர் ஏன் சொன்னார்னு புரிஞ்சுது. ஒரு வீட்ல கீழ இருக்கற ஓனரம்மா வயித்தையே பாத்துட்டு "எங்க வீட்டுக்காரருக்கு பிபி, ராத்திரி குழந்தை அழுதா தூக்கம் கெட்டுடும்மா"ன்னாங்க. இன்னொருத்தர் சுவத்துல போன வருஷம்தான் பெயின்ட் அடிச்சேன்னு மூணு தடவ சொன்னார், பொறக்காத குழந்தை அவர் சுவத்துல கிறுக்கிடும்னு இப்பவே பயம். பேச்சுலருக்கு வீடு இல்லேங்கறாங்க, கல்யாணம் ஆகி குழந்தை வரப்போகுதுன்னாலும் யோசிக்கறாங்க, வேற யாருக்குத்தான் குடுப்பாங்களோ.

வீட்ட பாக்கறப்ப நாங்க கத்துக்கிட்டது கொஞ்சம் சொல்றேன். தண்ணி நிக்குமான்னு ஓனர்கிட்ட கேக்காதீங்க. "இங்கயா, சொட்டு தண்ணி நிக்காது"ம்பாங்க, எல்லா ஓனருக்கும் அதே வசனம்தான். தெரு முனைல இஸ்திரி வண்டி வச்சிருக்கறவர கேளுங்க. மடிப்பாக்கத்துல ஒரு கிரவுண்ட் ஃப்ளோர் வீடு எங்களுக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு, படி ஏற வேண்டாம், பின்னாடி துணி காயப்போட இடம், முன்னாடி முருங்கை மரம். வெளிய வந்து இஸ்திரி அண்ணன்கிட்ட கேட்டா, அவர் பேசவே இல்ல, இஸ்திரி பெட்டிய வச்சிட்டு கைய தொடைல வச்சு காட்டினார், "மிக்ஜாமுக்கு இவ்ளோ". 2023 டிசம்பர் புயல சொன்னார். "அப்ப 2015-ல?"ன்னு கேட்டேன், சிரிச்சுட்டு திரும்ப பெட்டிய எடுத்துட்டார். திரும்ப போய் காம்பவுண்ட் சுவத்த உள்பக்கமா பாத்தோம், புது பெயின்ட்டுக்கு அடில ஒரு கோடு மங்கலா தெரியுது. கைக்குழந்தைய வச்சிக்கிட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு கட்டில் மேல ஏறி நிக்கறத நினைச்சு பாத்தேன், முருங்கை மரம் வேண்டாம்னு வந்துட்டோம். நாங்க வீடு மாறின 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட்னதும் வேளச்சேரி பாலத்து மேல வரிசையா கார கொண்டுபோய் நிறுத்தினாங்களே, அன்னிக்கு எங்க புது வீட்டு முதல் மாடி பால்கனில நின்னு தெருவ பாத்துட்டே அந்த இஸ்திரி அண்ணனுக்கு மனசுக்குள்ள ஒரு கும்பிடு போட்டேன்.

அடுத்தது போர் தண்ணி. பைப்ப திறந்து பாக்கறதெல்லாம் போதாது, பாத்ரூம் குழாய் வாய்ல வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கான்னு பாருங்க, கைல சோப்பு போட்டா நுரை வருதான்னு பாருங்க. நுரையே வரலேன்னா பாப்பா குளிக்க, அது துணி அலச, எல்லாத்துக்கும் கேன் தண்ணியா வாங்க முடியும்? மெட்ரோ வாட்டர் லைன் இருந்து அது சம்புக்கு ஒழுங்கா வருதுன்னா 500 ரூபா வாடகை கூட குடுக்கலாம், தப்பில்ல.

துணி காயப்போடற இடம், இத நான் குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு பொருட்டாவே நினைக்கல. ஒரு நாளைக்கு பதினஞ்சு இருபது துணி, மொட்டை மாடிக்கு ஓனர் பூட்டு போட்டு சாவிய அவங்களே வச்சிருந்தா தொலைஞ்சுது. டாய்லெட் வெஸ்டர்னான்னு பாருங்க, ஆபரேஷன் ஆச்சுன்னா இந்தியன் டாய்லெட்ல உக்காந்து எந்திரிக்கறது நரகம். ராத்திரி ஆட்டோ உள்ள வருமா, பக்கத்துல குழந்தை டாக்டர் இருக்காங்களா, அவ்வளவுதான், இதெல்லாம் கண்ணுக்கு தெரியறது.

கண்ணுக்கு தெரியாத ஒண்ணு, தூளிக்கு கொக்கி. புது ஃப்ளாட் எதுலயும் சீலிங்ல ஃபேனுக்கு தவிர ஒரு கொக்கி கிடையாது, டிரில் போட ஓனர் விட மாட்டாங்க, அப்ப மூவாயிரம் நாலாயிரம் குடுத்து ஸ்டாண்டு தொட்டில் வாங்கணும், அது பாதி ஹால அடைச்சுக்கும். நாங்க எடுத்த வீடு பழைய கட்டிடம், உள்ளடங்கின தெரு, பெட்ரூம் ரெண்டும் சின்னது. ஆனா ஹால் நடுவுல கான்கிரீட்லேர்ந்து ஒரு இரும்பு வளையம் தொங்கிட்டு இருந்துச்சு, ஓனர் பெரியவர் அத புடிச்சு தொங்கியே காட்டினார், "என் பேத்தி ரெண்டு பேரும் இதுல ஆடினதுதான், பயப்படாம கட்டு"ன்னார். அவருக்கு எழுபது வயசு இருக்கும், எனக்கு அவர் விழுந்துடுவாரோன்னுதான் பயம். அம்மாவோட பழைய நூல் புடவைல தூளி, செலவு பூஜ்யம்.

டபுள் பெட்ரூம் தேவையான்னு கேப்பீங்க. பாப்பாவுக்கு தேவையே இல்ல, முதல் ஒரு வருஷம் அது அம்மா பக்கத்துலதான் படுக்கப்போகுது. அந்த ரூம் மாமியாருக்கு. நான் திரும்ப வேலைக்கு போகணும்னா அவங்க வந்து இருந்தாத்தான் முடியும், கிரெஷ் கட்டணத்துக்கும் ரூம் வாடகை வித்தியாசத்துக்கும் கணக்கு பாத்தா ரூமே லாபம். உங்களுக்கு அப்படி வந்து இருக்க யாரும் இல்லேன்னா சிங்கிள் பெட்ரூமே போதும், ஹால் பெருசா இருக்கான்னு மட்டும் பாருங்க.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன், அட்வான்ஸ். பத்து மாச அட்வான்ஸ் கேட்டாங்க, 1,40,000. கெஞ்சி ஆறு மாசத்துக்கு கொண்டு வந்தோம், 84,000. முதல் மாச வாடகை 14,000, புரோக்கருக்கு ஒரு மாச வாடகை 14,000, ஷிஃப்டிங் 8,500, நெட்டு மாத்தினது, ஜன்னலுக்கு கொசு நெட்டு அடிச்சது, பால் காய்ச்சினது எல்லாம் சேர்த்து 3,500. ஒரே வாரத்துல 1,24,000 கைய விட்டு போச்சு. பிரசவத்துக்குன்னு ரெண்டு பேரும் சேர்த்து வச்சிருந்ததே 1,50,000-தான். பழைய வீட்டு அட்வான்ஸ் 80,000 வந்துடும், அத திரும்ப போட்டுக்கலாம்னு இருந்தோம்.

அது வரல. காலி பண்ண அன்னிக்கு பெயின்டிங்குக்கு ஒரு மாச வாடகை 9,500, சிங்க் குழாய்க்கு 1,800 புடிச்சுக்கிட்டாங்க, சரி போகட்டும், மிச்சம் 68,700-ஐ அடுத்து குடி வர்றவங்க அட்வான்ஸ் குடுத்தாத்தான் தர முடியும்னு சொல்லிட்டாங்க. நம்ம பணம் அவங்ககிட்ட இருக்குங்கறது சும்மா பேச்சுக்கு, அது எப்பவோ வேற எதுலயோ போட்டாச்சு. அக்டோபர்ல 30,000, நவம்பர்ல 30,000, கடைசி 8,700 பொங்கலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, நான் அப்ப வார்டுல இருந்தேன். நடுவுல என் செயின் பேங்க்குக்கு போச்சு, இன்னும் அங்கதான் இருக்கு.

அப்புறமா ஆபீஸ்ல சார்தான் சொன்னார், தமிழ்நாட்டுல வீட்டு வாடகைக்குன்னு 2017-ல ஒரு சட்டம் போட்டு 2019-லேர்ந்து நடைமுறைல இருக்கு, மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக்கூடாது, காலி பண்ணி ஒரு மாசத்துக்குள்ள திருப்பி குடுத்துடணும்னு. படிச்சு பாத்தேன், மூணு மாசம்ங்கறதுக்கு முன்னாடியே "வேற மாதிரி ஒப்பந்தம் இல்லேன்னா"ன்னு ஒரு வார்த்தை இருக்கு, அந்த ஓட்டைலதான் பத்து மாசமும் நுழையுது, நம்மதான் அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டு குடுக்கறோமே. ஆனா ஒரு மாசத்துல திருப்பணும்ங்கறத அக்ரிமென்ட்லயே ஒரு வரியா எழுத வைக்கலாம், இந்த தடவ நாங்க எழுத வச்சோம். பெரியவர் முனகிட்டே போட்டார். இன்னொரு வரியும் சேர்த்தோம். அக்ரிமென்ட் எப்பவும் 11 மாசம்தான், ஆவணில போட்டா அடுத்த ஆடில முடியும், அப்ப பாப்பாவுக்கு ஆறு மாசம், அந்த நேரம் பாத்து காலி பண்ணு இல்ல ரெண்டாயிரம் ஏத்துன்னா எங்க போறது? அதனால 5 சதவீதம் ஏத்தி புதுப்பிக்கலாம்னு முன்னாடியே எழுதியாச்சு. நீங்க வீடு எடுக்கறப்ப அந்த 11 மாசம் எந்த மாசத்துல முடியுதுன்னு விரல் விட்டு எண்ணி பாத்துக்கோங்க.

இவ்வளவு கணக்கு பாத்தும் ஒரு இடத்துல கோட்டை விட்டோம். டிசம்பர் பாதில நான் கும்பகோணம் போனேன், திரும்பி வந்தது மே மாசம், அஞ்சு மாசம். அந்த அஞ்சு மாசமும் வாடகை 14,000, மெயின்டனன்ஸ் 1,000, மொத்தம் 75,000. எங்க வீட்டுக்காரர் டபுள் பெட்ரூம் வீட்ல ஹால்ல பாய் போட்டு தனியா படுத்துட்டு இருந்தார், ஒரு ரூம்ல இன்னும் பிரிக்காத அட்டப்பெட்டி. பழைய வீட்லயே இருந்துட்டு சித்திரைல மாறியிருந்தா எட்டு மாசத்துக்கு மாசம் 5,500 வீதம் 44,000 மிச்சமாயிருக்கும். நான் டிசம்பர் வரைக்கும் வேலைக்கு போனதால அந்த படி ஏறியிருக்க முடியாதுங்கறது உண்மைதான். ஆனா ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்ச கையோட அம்மா வீட்டுக்கு போறவங்களுக்கு நான் சொல்றது, அவசரப்பட்டு மாத்தாதீங்க, குழந்தையோட திரும்பி வர்ற மாசத்துக்கு வீடு பாருங்க. அம்மா இங்க வந்து பாத்துக்கறாங்கன்னாலோ, என்ன மாதிரி கடைசி வரைக்கும் வேலைக்கு போறீங்கன்னாலோ அஞ்சாம் மாசத்துக்குள்ள மாத்திடுங்க. ரெண்டுக்கும் நடுவுல மாத்தினா ரெண்டு பக்கமும் நஷ்டம்.

கரன்ட்டையும் சொல்லிடறேன். நான் பாப்பாவோட வந்து இறங்கினது அக்னி நட்சத்திரத்துல, ராத்திரி ஏசி இல்லாம முடியாது. இந்த வீட்டுக்கு தனி இபி சர்வீஸ் நம்பர் இருக்கு, ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் நமக்கே வருது, நம்மளே போன்ல கட்டிக்கறோம். முன்னாடி பாத்த ஒரு வீட்ல சப் மீட்டர், யூனிட்டுக்கு 9 ரூபா, அந்த 100 யூனிட் நமக்கு கிடையாது. வாடகை ஆயிரம் கம்மியா இருக்கேன்னு அதுல போயிருந்தா கோடைல அந்த ஆயிரத்துக்கு மேலயே கட்டியிருப்போம்.

ஆசிரியர் சார், கடைசியா உங்ககிட்டயே ஒரு கோரிக்கை. ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வாடகைக்குன்னு வரி விளம்பரம் வருது. "மடிப்பாக்கம், 2 படுக்கையறை, முதல் மாடி, வாடகை 14,000, குடும்பத்தினர் மட்டும்." அவ்வளவுதான் இருக்கும். எத்தனை மாச அட்வான்ஸ், மெயின்டனன்ஸ் எவ்வளவு, தனி மீட்டரா, இந்த மூணும் இருந்தாத்தான் விளம்பரம் எடுப்போம்னு நீங்க ஒரு ரூல் போட்டா என்ன? ஆட்டோக்கு காசு குடுத்து நேர்ல போய் மூணு மாடி ஏறினதுக்கப்புறம் "பத்து மாச அட்வான்ஸ்மா"ன்னு கேக்கறதாவது மிச்சமாகும். வரிக்கு காசு கூட ஆகும்னு ஓனருங்க சொல்வாங்க. "குடும்பத்தினர் மட்டும்"ங்கறத எடுத்துட்டா அந்த இடத்துலயே எழுதிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மடிப்பாக்கம், சென்னை